ஓட்டுங்கள், இல்லையென்றால் கொடுத்துவிடுங்கள்!

ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். கொடைக்கானலில், ஏரிக்கரைக் கூட்டத்தை விட்டு விலகி, செண்பகனூர் பக்கம் மேட்டில் ஒரு பழைய வீடு. பின்பக்கம் தகரக் கொட்டகை. அதற்குள் நீலத் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று. ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தால் வட்டமான முகப்பு விளக்கு, துரு ஏறிய பம்பர், காற்று இறங்கிப் போன நான்கு டயர்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. தாத்தா வாங்கியது. கடைசியாக ஓடியது எந்த வருஷம் என்று வீட்டில் யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை.

வந்து போகிறவர்கள் யாராவது கேட்பார்கள். "அண்ணே, வண்டியக் கொடுக்கிறீங்களா?"

பதில் தயாராக இருக்கும். "இல்ல தம்பி, அது எங்க தாத்தா வண்டி. ஒரு நாள் ரெடி பண்ணணும்."

அந்த "ஒரு நாள்" மீதுதான் இந்தக் கட்டுரையின் கோபம் முழுவதும்.

இந்த வீடு கற்பனைதான். ஆனால் இதே கொட்டகையைப் பழனியிலும் திண்டுக்கல்லிலும் காரைக்குடியிலும் பார்க்கலாம். ஹெரால்டுக்குப் பதில் அம்பாசடர் இருக்கும், பத்மினி இருக்கும். தாத்தாவுக்குப் பதில் அப்பா இருப்பார். பதில் மட்டும் எங்கேயும் மாறுவதில்லை. விற்கவும் மாட்டார்கள், ஓட்டவும் மாட்டார்கள், இரும்புக் கடைக்கும் போட மாட்டார்கள். கேட்டால் "பாதுகாத்து வைத்திருக்கிறோம்" என்பார்கள். யாரிடமிருந்து பாதுகாக்கிறார்கள் என்றுதான் புரியவில்லை. துரு உள்ளே வர யாரிடமும் அனுமதி கேட்பதில்லையே!

சாதாரண கார் இல்லை

முதலில் அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம். மாருதி 800 வெளிவந்தது 1983 டிசம்பரில். அதற்கு முன்னால் இந்தியாவில் கார் வாங்க நினைத்தவர்களுக்கு நடைமுறையில் மூன்றே வழிகள்தான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட் (பின்னால் அதுவே பிரீமியர் பத்மினி ஆனது), மூன்றாவதாக நம்ம ஊர் ஸ்டாண்டர்ட். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு வெளிவந்தது. 'டெட்ராய்ட் ஆஃப் ஏசியா' என்று இன்றைக்குச் சென்னையைப் புகழ்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலாட்டி. அந்தக் காலத்தில் பல கார்கள் பாடியும் சேஸிஸும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்புக்கு மாறிக் கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் தனி சேஸிஸ் வைத்து, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கும் அமைப்போடு வந்தது. முன்பகுதி முழுவதும், பானெட்டும் மட்கார்டும் சேர்ந்தே, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து கொண்டு இன்ஜினில் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த 25 அடியின் அருமை புரியும்.

இன்னொரு விஷயம். 1960களின் கடைசியில் சென்னைத் தொழிற்சாலை நான்கு கதவு வைத்த ஹெரால்டை வெளியிட்டது. இங்கிலாந்தில் அப்படி ஒன்று வரவே இல்லை. அது முழுக்க முழுக்க இந்த ஊரின் வேலை. அதற்குப் பின் கெஸல் வந்தது, 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது, 80களின் இறுதியில் கார் உற்பத்தியே நின்றது. ஆக, கொட்டகையில் துருப்பிடிப்பது ஒரு குடும்பத்தின் பழைய கார் மட்டும் அல்ல. மெட்ராஸ் ஒரு காலத்தில் சொந்தமாக ஒரு கதவை வடிவமைத்து அச்சில் அடித்தது என்பதற்கான சாட்சியும் சேர்ந்தேதான் துருப்பிடிக்கிறது.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் கண்டிப்பாக ரெடி பண்ண வேண்டும்!" என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். கணக்கு என்று ஒன்று இருக்கிறது.

மூன்று வகை ஆசாமிகள்

பழைய கார் என்றதும் மூன்று வகை ஆசாமிகள் கிளம்புவார்கள்.

முதல் வகை, லாபக்காரர்கள். "வின்டேஜ் கார் தங்கம் மாதிரி சார், வருஷா வருஷம் ஏறும்" என்று ஜல்லியடிப்பவர்கள். 2022 மே மாதம் ஒரு பழைய மெர்சிடிஸ் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போன செய்தியை ஃபார்வர்டு செய்தவர்கள் இவர்கள்தான். அந்த மெர்சிடிஸ் உலகத்தில் மொத்தமே இரண்டுதான் செய்யப்பட்டது என்ற வரியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இரண்டாம் வகை, காயலான் கடைக்காரர்கள். கடை வைத்திருப்பவர்களைச் சொல்லவில்லை, அவர்கள் பிழைப்பு நேர்மையானது. எதைப் பார்த்தாலும் "எடைக்குப் போடு" என்று சொல்லும் மனசு உள்ளவர்களைத்தான் சொல்வது. "பதினைந்து வருஷம் ஆனால் அரசாங்கமே நொறுக்கச் சொல்லுதே" என்று சட்டமும் பேசுவார்கள். அது தப்பு. வருஷக் கணக்கை மட்டும் வைத்து வண்டியைத் தெருவில் விடாமல் தடுக்கும் ஏற்பாடு டெல்லி வட்டாரத்துக்கு உரியது. தமிழ்நாட்டில் பதினைந்து வருஷம் ஆன சொந்தக் காரைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பித்துக் கொள்ளலாம்.

மூன்றாம் வகைதான் "ஒரு நாள்"காரர்கள். மற்ற இரண்டு பேரையும் விட மோசமானவர்கள் இவர்களே. லாபக்காரர் பேராசையில் ஆவது ஒரு வண்டியைச் சரி செய்துவிடுவார். எடைக்குப் போடச் சொல்பவர் ஒரு முடிவாவது சொல்கிறார். "ஒரு நாள்"காரரோ முடிவே எடுக்காமல் இருப்பதை முடிவு என்று நினைத்துக் கொண்டிருக்கிறார். மூன்று வழிகளிலும் செலவு அதிகமான வழி அதுதான்.

பி.காம். முதல் வருஷக் கணக்கு

எப்படி என்று பார்க்கலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு, வழிமுறை மட்டும் நிஜம்.

1970-ல் ரூ.20,000 கொடுத்து வாங்கிய கார் என்று வைத்துக் கொள்வோம். குறைந்து செல் மதிப்பு முறையில் வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்துக் கொண்டே வந்தால், ஐம்பது வருஷம் கழித்து ஏட்டில் அதன் மதிப்பு சுமார் 6 ரூபாய். ஒரு டீ கூட வராது. ஏட்டுக் கணக்கு அவ்வளவுதான். இரும்புக் கணக்கு இன்னொன்று. ஹெரால்டின் எடை சுமார் 800 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று போட்டாலும் 24,000 ரூபாய். வாங்கின விலையை விட அதிகம் என்று சந்தோஷப்பட வேண்டாம், 1970-ன் இருபதாயிரமும் இன்றைய இருபதாயிரமும் ஒன்றல்ல.

இப்போது சரி செய்கிற கணக்கு. டிங்கரிங், பெயிண்ட், இன்ஜின், பிரேக், ஒயரிங், சீட், கண்ணாடி, கீழிறக்கிக் கொண்டு போகிற லாரி வாடகை என எல்லாம் சேர்த்து 5 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். அதே 5 லட்சத்தை வருஷத்துக்கு 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டால் பத்து வருஷத்தில் ஏறக்குறைய 9.8 லட்சம். வாய்ப்புச் செலவு என்று பாடப்புத்தகத்தில் வருமே, அது இதுதான். அப்படியானால் அந்த ஹெரால்டு பத்து வருஷம் கழித்து 9.8 லட்சத்துக்கு மேல் விற்றால்தான் லாபம். நடுவில் வருஷா வருஷம் இன்சூரன்ஸ், பேட்டரி, ஆயில், டயர் வேறு. நான்கு கதவு வைத்த ஒரு குடும்பக் காருக்கு அந்த விலை கொடுக்க எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்?

ஆகவே லாபத்துக்காக இந்தக் காரைச் சரி செய்யாதீர்கள். வருமான வரிச் சட்டம் கூட இதைத்தான் மறைமுகமாகச் சொல்கிறது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் காரை அது மூலதனச் சொத்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. விற்று லாபம் வந்தால் வரி இல்லை, நஷ்டம் வந்தால் கழிவும் இல்லை. நகைக்கும் ஓவியத்துக்கும் உள்ள மரியாதை காருக்கு இல்லை. அரசாங்கத்தின் பார்வையில் அது கட்டில், பீரோ மாதிரி ஒரு வீட்டுப் பொருள்.

இதுவரை லாபக்காரருக்கான பதில். "ஒரு நாள்"காரருக்கு வேறு கணக்கு. அவர் சொல்வது, "இத்தனை வருஷம் வைத்திருந்துவிட்டோம், இப்போது எப்படிக் கொடுப்பது?" இத்தனை வருஷம் கொட்டகை கொடுத்தது, தார்ப்பாய் வாங்கியது எல்லாம் மூழ்கிய செலவு. எந்த முடிவு எடுத்தாலும் அது திரும்பி வராது. திரும்பி வராத பணத்தைக் காரணம் காட்டி எடுக்கிற முடிவு தப்பாகத்தான் முடியும் என்று முதல் வருஷ மாணவனுக்கே தெரியும். ஆனால் சும்மா வைத்திருப்பதற்கும் ஒரு செலவு உண்டு. அது பில்லாக வருவதில்லை, துருவாக வருகிறது.

மலையின் வேலை

சமவெளியில் நிற்கிற காருக்கும் மலையில் நிற்கிற காருக்கும் வித்தியாசம் உண்டு. கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில், சாயங்காலம் மூடுபனி, ராத்திரி குளிர். பகலில் தார்ப்பாய்க்குள் சூடாகும் ஈரக்காற்று ராத்திரி குளிர்ந்து, தகட்டின் உள்பக்கம் வியர்த்து நிற்கும். மண் தரையிலிருந்து ஈரம் மேலே ஏறும். மேலே போகவிடாமல் தார்ப்பாய் அதைப் பிடித்து வைத்துக் கொள்ளும். மழையிலிருந்து காப்பாற்றப் போட்ட தார்ப்பாய், தினம் ராத்திரி வண்டியைக் குளிப்பாட்டிக் கொண்டிருக்கிறது!

உள்ளே என்ன நடக்கிறது? பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. அந்த ஈரம் சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கிறது. டேங்கில் மிச்சம் இருந்த பெட்ரோல் கோந்தாகி கார்புரேட்டரின் சின்னச் சின்ன துளைகளை அடைக்கிறது. பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டிக் கொள்கிறது. ஒயரை எலி தின்கிறது. பாடியின் கீழ் ஓரங்களிலும் சேஸிஸின் பக்கவாட்டுக் கைகளிலும் துரு உட்காருகிறது. ஹெரால்டில் முதலில் போகும் இடங்கள் இவைதான்.

இதில் எதைச் சரி செய்யலாம், எதை முடியாது? இங்கேதான் பலர் தலைகீழாக யோசிக்கிறார்கள். இன்ஜின் ஓடவில்லை என்றால் "அவ்வளவுதான், போச்சு" என்கிறார்கள். பெயிண்ட் நன்றாக இருந்தால் "பரவாயில்லையே" என்கிறார்கள். உண்மை நேர்மாறானது. இன்ஜின் நின்று போனால் பிளக் துளை வழியாக ஆயில் ஊற்றி ஊறவைத்து விடுவிக்கலாம். போர் செய்து புது ரிங் போடலாம். தமிழ்நாட்டு லேத் பட்டறைக்கு அது அன்றாட வேலை. சேஸிஸ் அரித்துப் போனால்தான் நிஜமான தலைவலி. அதை விடப் பெரிய தலைவலி கிடைக்காத சின்னச் சாமான்கள்: விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி, முன் கண்ணாடி, டாஷ்போர்டு மீட்டர். டிரையம்ஃப் ஹெரால்டின் இன்ஜின், பிரேக் சாமான்கள் இங்கிலாந்தில் இன்றைக்கும் கிடைக்கின்றன, அங்கே அதற்கென்று சங்கங்களே உண்டு. ஆனால் மெட்ராஸில் மட்டுமே அடித்த அந்த நான்கு கதவில் ஒன்று அரித்துப் போனால் எந்த இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது? இன்னொரு கொட்டகையில் நிற்கும் இன்னொரு ஹெரால்டிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கொட்டகைக்காரரும் "ஒரு நாள்" என்றுதான் சொல்லிக் கொண்டிருப்பார் :-)

அம்பாசடருக்கு இந்தக் கதை வேறு மாதிரி. 2014 வரைக்கும் உற்பத்தியில் இருந்த வண்டி. சென்னைப் புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் தேடுகிறவனுக்குச் சாமான் அகப்படும். ஆனால் அதற்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் எலும்பும். அடித்தளம் அரித்தால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. பத்மினியும் அப்படியே. ஆகவே "பழைய கார்" என்று பொதுவாகப் பேசிப் பயனில்லை. எந்தக் கார், எந்த இடத்தில் துரு என்று படுத்துப் பார்க்க வேண்டும். படுத்துப் பார்க்காமல் பேசுகிற பேச்சு எல்லாம் வெறும் பேச்சு.

மலையில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. வத்தலக்குண்டுக்கு இறங்கும் பாதை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வழி நெடுக வளைவு. அந்தக் காலத்து டிரம் பிரேக்கை மிதித்துக் கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிமானம் குறையும். ஹெரால்டின் பின் அச்சு ஆடும் வகை. வேகமாக வளைவில் திருப்பி, சட்டென்று காலை எடுத்தால் பின் சக்கரம் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். ஏறும்போதும் சும்மா இல்லை. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் என்று இன்ஜினின் சக்தி குறைகிறது. கொடைக்கானலை எட்டும்போது ஐந்தில் ஒரு பங்கு காலி. ஆகவே முதல் பணம் பெயிண்டுக்குப் போகக் கூடாது. மலையில் பெயிண்டைப் பார்த்து வண்டி நிற்காது, பிரேக்கைப் பிடித்தால்தான் நிற்கும்.

காகிதமும் பெட்ரோலும்

தகடு சரியாக இருந்தாலும் காகிதம் வேண்டும். ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? தாத்தா பெயரில். தாத்தாவுக்கு எத்தனை வாரிசு? அதில் எத்தனை பேருக்குள் பேச்சுவார்த்தை இருக்கிறது? பல கொட்டகைக் கார்களின் உண்மையான நோய் துரு கிடையாது, பாகப்பிரிவினைதான். நான்கு பேருக்குச் சொந்தமான காருக்கு ஆயில் ஊற்ற ஒருவரும் வர மாட்டார்கள், விற்கலாம் என்றால் நான்கு பேரும் வந்து நிற்பார்கள்.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு என்று 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் மூல வடிவத்தில் இருந்தால் 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். நம்பர் பலகையில் 'விஏ' என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு ரூ.20,000, பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு ரூ.5,000. நல்ல விதிதான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர், இவற்றுக்குத்தான் தெருவுக்கு வரலாம். மாருதி இன்ஜினைத் தூக்கிப் போட்டு "ரெடி பண்ணிட்டோம்ல" என்று மார்தட்டுகிறவர்களுக்கு அந்தப் பதிவு இல்லை. ஆகவே செலவழிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: இது ஓட்டுவதற்கா, பார்ப்பதற்கா? இரண்டும் வேண்டும் என்றால் இரண்டும் கிடைக்காது.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2025-க்குள் நாடு முழுக்க இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். அறுபதுகளின் ரப்பரோடு இந்தப் பெட்ரோலை நிரப்பி, மூடுபனியில் மாசக்கணக்கில் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக் கொள்ளுங்கள். குழாயெல்லாம் மாற்ற வேண்டும், மாதத்துக்கு ஒரு முறையாவது ஓட்ட வேண்டும். "ரெடி பண்ணி நிறுத்தி வைப்பது" என்று ஒன்று கிடையவே கிடையாது. நிறுத்தின நாளிலிருந்து அது மறுபடி கெட ஆரம்பிக்கும்.

புகை பற்றி

நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. கொடைக்கானல் ஏற்கனவே வண்டிகளால் திணறுகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கும் போக இ-பாஸ் முறையே வந்தது. இந்த நிலையில் புகை கக்கும் பழைய காரை வேறு உயிர்ப்பிக்க வேண்டுமா?

கேள்வி சரி. ஒரு லிட்டருக்கு ஒரு லிட்டர் பார்த்தால் பழைய கார் அதிகமாகத்தான் அசுத்தம் செய்யும். தினசரி ஆபீசுக்கு ஹெரால்டில் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் வருஷத்தில் பன்னிரண்டு நாள் வெளியே வரும் ஒரு காரால் மலை கெடப் போவதில்லை. மே மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் செய்வதில் அது எள்ளளவு கூட இருக்காது.

ஓடினால்தான் தேர்

சரி, லாபம் இல்லை, தொல்லை நிறைய. பிறகு எதற்குத்தான் சரி செய்வது?

திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக் கொள்ளுங்கள். 1948-க்குப் பிறகு அது நிலையிலேயே நின்றுவிட்டது. 1970-ல் மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்பு அச்சும் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதை ஓட வைத்தன. "இதனால் என்ன வருமானம்?" என்று கேட்டிருந்தால் அந்தத் தேர் இன்றைக்கும் நிலையில்தான் நின்றிருக்கும். "புனிதமானது, தொடாதே" என்று சொல்லியிருந்தாலும் அதே கதிதான். நின்ற தேரைப் பார்த்து யாரும் வடம் பிடிக்கக் கற்றுக் கொள்ள முடியாது.

இன்னொன்று, இ.ஐ.ஆர். 21. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த ரயில் இன்ஜின். ஓய்வு கொடுத்த பிறகு நூறு வருஷத்துக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. 2010-ல் சென்னை பெரம்பூர் லோகோ தொழிற்சாலைத் தொழிலாளர்கள் அதை மறுபடி ஓட வைத்தார்கள். இல்லாத சாமான்களை அவர்களே செய்தார்கள். திருச்சி பொன்மலைத் தொழிற்சாலையோ நீலகிரி மலை ரயிலுக்குப் புதிதாகவே நீராவி இன்ஜின் கட்டிக் கொடுத்தது. கை வேலை இந்த ஊரில் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் அந்தக் கை வேலை புத்தகத்தில் இல்லை, வயதான மனிதர்களின் விரல்களில் இருக்கிறது. ஹெரால்டின் கார்புரேட்டரைக் காதால் கேட்டே ட்யூன் செய்யத் தெரிந்த மெக்கானிக்குக்கு இன்றைக்கு எழுபது வயதுக்குக் குறையாது. "ஒரு நாள்" வரும்போது வண்டி இருக்கலாம், அவர் இருக்க மாட்டார். அதை எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது.

சரி செய்வதற்கான ஒரே நியாயமான காரணம் இதுதான். ஓட்டுகிற ஆசை இருக்கிறது, வேலை தெரிந்த ஒருவர் உயிரோடு இருக்கிறார், கற்றுக் கொள்ள ஓர் இளைஞன் பக்கத்தில் நிற்கிறான். இதற்காகச் செலவாகும் பணத்தை முதலீடு என்று சொல்லி ஏமாற வேண்டாம், செலவு என்றே எழுதுங்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கணக்கு எழுதுவது அப்படித்தானே?

முடிவாக மூன்று கேள்விகள்

ஒன்று: சேஸிஸ் (அல்லது அடித்தளம்) உறுதியாக இருக்கிறதா, ஆர்.சி. புத்தகம் கையில் இருக்கிறதா?

இரண்டு: போடுகிற பணம் முழுவதும் திரும்பி வராவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியுமா?

மூன்று: சரி செய்த பிறகு மாதம் ஒரு முறை அதை ஓட்டப் போகிற ஆள் யார்? "யாராவது" என்ற பதில் செல்லாது, பெயர் சொல்ல வேண்டும்.

மூன்றுக்கும் பதில் இருந்தால் தார்ப்பாயை இன்றைக்கே எடுங்கள். வண்டியைக் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள், காற்றோட விடுங்கள், டேங்கைக் காலி செய்யுங்கள், பிரேக்கிலிருந்து ஆரம்பியுங்கள். ஒன்றுக்காவது பதில் இல்லை என்றால் கொடுத்துவிடுங்கள். பணம் வாங்கிக் கொண்டோ வாங்காமலோ, ஓட்டப் போகிற ஒருவரிடம் கொடுங்கள். ஓட வைக்கவே முடியாத நிலை என்றால், இன்னொரு ஹெரால்டை வைத்துக் கொண்டு கதவுக்கு அலைகிறவரிடம் கொடுங்கள். உறுப்பு தானம் செய்தவரை யாரும் துரோகி என்று சொல்வதில்லை. இந்தக் கதவு அந்த வண்டியில் போய்ச் சேர்ந்தால், மெட்ராஸில் அடித்த ஒரு கதவு இன்னும் முப்பது வருஷம் திறந்து மூடும்.

2023 அக்டோபரில் பம்பாயின் கடைசி பத்மினி டாக்ஸி சட்டப்படி ஓய்வு பெற்றபோது எத்தனையோ பேர் கண்ணீர் வடித்தார்கள். அந்த டாக்ஸி கடைசி நாள் வரை ஓடி ஓய்வு பெற்றது. ஒரு வண்டிக்கு அதை விடக் கௌரவமான முடிவு இல்லை. கொட்டகையில் இருக்கும் ஹெரால்டுக்கு அந்தக் கௌரவம் கூடக் கிடைக்கவில்லை.

கடைசியாகத் தாத்தா. அவருக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். தாத்தா அந்தக் காருக்கு என்ன செய்தார்? காலையில் பானெட்டைத் திறந்து தண்ணீர் பார்த்தார், ஆயில் பார்த்தார், துணியால் கண்ணாடி துடைத்தார். காட் ரோட்டில் ரேடியேட்டர் கொதித்தால் வெள்ளி நீர்வீழ்ச்சி ஓரம் நிறுத்தி ஆற வைத்தார், மறுபடி கிளப்பி மேலே ஏறினார். ஒரு நாளும் அதைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துக் கும்பிடவில்லை. அவர் ஞாபகம் வேண்டும் என்றால் அவர் செய்ததைச் செய்யுங்கள். முடியவில்லை என்றால், செய்கிற ஒருவர் கையில் சாவியைக் கொடுங்கள்.

அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால்.